விக்ராந்த்தின் அலிஸேவை இன்றும் ஓட்டலாம்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது பிரெகே அலிஸே என்ற பழைய கடல் ரோந்து விமானத்தின் ஜிப் கோப்பு கண்ணில் பட்டது. கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டர் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இறக்கி வைத்தது. பிரெஞ்சுக் கடற்படை விமானங்கள் மேல் பிரியம் கொண்ட ஓர் ஆர்வலர் குழு, ஒரு பைசா வாங்காமல் செய்து கொடுத்த ஆட்-ஆன், அதாவது சிம்மில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் விமானம். அன்று ராத்திரியே சிம்மைத் திரும்ப நிறுவினேன். மீனம்பாக்கத்தில் கிளம்பி, கடற்கரையைத் தாண்டி, வங்காள விரிகுடாவின் மேல் ஐந்நூறு அடியில் ஒரு மணி நேரம் சும்மா சுற்றினேன். வயிற்றுப் பக்கம் இருக்கும் ரேடார் கூண்டை இறக்கி வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி.

"இதில் என்ன இருக்கிறது, மிக்-29 ஓட்டலாமே" என்று நண்பர்கள் கேட்பார்கள். ரோந்து விமானம் ஓட்டுவது வேறு ருசி. அதற்கு வேகம் வேண்டாம், பொறுமை வேண்டும். எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும், ஒரே உயரத்தில் மணிக்கணக்கில் பிடித்து வைக்க வேண்டும், கடைசியில் கடலில் புள்ளியாகக் கிடக்கும் கப்பலைத் தேடி வந்து இறங்க வேண்டும். அலிஸேயில் மூன்று பேர் போவார்கள். ஒற்றை ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் டர்போபிராப் எஞ்சின். சக்கரம் மடங்கும் இறக்கைக் கூடுகளின் முன்பகுதியிலேயே நீர்மூழ்கியை ஒட்டுக்கேட்கும் சோனோ மிதவைகளை அடைத்து வைத்திருப்பார்கள். சின்ன விமானத்துக்குள் இவ்வளவையும் எப்படித் திணித்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவேன்.

இது நம் விமானமும்கூட. 1956-இல் பிரான்சில் முதலில் பறந்தது. ஐந்தே ஆண்டுகளில் இந்தியக் கடற்படையின் 310-ஆம் அணி, அதாவது 'கோப்ரா' அணி, அலிஸேயோடு உருவானது. விமானம் தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த்தில் நீர்மூழ்கி வேட்டைக்கு இருந்தது இதுதான். 1971 போரில் விக்ராந்த் வங்காள விரிகுடாவுக்கு வந்தபோது கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைமையில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். கப்பலின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் போக முடியாத நிலையில்தான் அதைப் போருக்கு அனுப்பினார்கள். சீ ஹாக் போர் விமானங்களும் அலிஸேக்களும் அதிலிருந்து கிளம்பிப்போய் சிட்டகாங், காக்ஸ் பஜார் பக்கம் தாக்கின. மேற்குக் கரையில் டிசம்பர் 10 அன்று ஓர் அலிஸேயை பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் போன மூவரும் திரும்பவில்லை.

கொதிகலன் விரிசலைப் பற்றி எங்கெங்கோ படித்திருந்தேன். கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று அப்போது புரியவில்லை. சிம்மில்தான் புரிந்தது. எதிர்க்காற்றை 20 நாட் என்று வைத்து கப்பல் தளத்தில் இறங்கிப் பாருங்கள். தளம் நிதானமாக நெருங்கி வரும், கை திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். அப்புறம் காற்றைப் பூஜ்ஜியம் ஆக்கி அதே விமானத்தைக் கொண்டு வாருங்கள். தளம் பாய்ந்து வந்து முகத்தில் அறைகிறது. நான்கு முறை முயன்று ஒரே ஒரு முறைதான், இறங்கும் விமானத்தை இழுத்து நிறுத்தும் கயிற்றைப் பிடித்தேன். வேகமாகப் போகும் கப்பல் தானே காற்றை உண்டாக்கிக் கொடுக்கும். ஒரு கொதிகலன் போனால் விமானிக்கு அந்தக் காற்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வங்காள விரிகுடாவில் காற்று செத்துக் கிடந்த நாட்களில் அந்த இளைஞர்கள் எப்படி வந்து இறங்கியிருப்பார்கள் என்று அன்று ராத்திரி ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த அனுபவத்தைக் காசுக்கு விற்க எந்த நிறுவனமும் வராது. போயிங் 737-க்கு வாங்க ஆள் உண்டு, எஃப்-18-க்கு உண்டு. மொத்தமே நூறுகூடத் தயாராகாத ஒரு பழைய ரோந்து விமானத்துக்கு யார் முதல் போடுவார்கள்? இந்தியாவில் அலிஸே ஓய்வு பெற்றது 1991-இல், பிரான்சில் 2000-இல். நம் விக்ராந்த்தை 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக வைத்திருந்து, பிறகு உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டோம். கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஓர் அலிஸே நிற்கிறது. சுற்றி வந்து பார்க்கலாம், அதற்கு மேல் இல்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்து இனி யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், வேலை முடிந்து வீடு திரும்பி ராத்திரி இரண்டு மணி வரை முப்பரிமாண மாதிரி செதுக்கிய அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் உழைப்புதான் கதி. அவர்கள் மேல் எனக்கு இருப்பது உண்மையான நன்றி.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. எஃப்எஸ்எக்ஸின் டர்போபிராப் கணக்கே கோளாறானது. அது வேறு வகை எஞ்சினை மனதில் வைத்து எழுதப்பட்டது. டார்ட்டில் புரொப்பெல்லர் எஞ்சினின் தண்டோடு நேராகப் பிணைந்திருக்கும். த்ராட்டிலைத் தள்ளினால் சுழற்சியும் எரிபொருளும் சேர்ந்தே ஏறும். சிம்மில் அந்தக் குணம் சரியாக வராது. நம் விமானப்படையில் பல பத்தாண்டுகள் ஓடிய அவ்ரோ போக்குவரத்து விமானத்தில் இருந்ததும் இதே டார்ட்தான். அந்தக் கீச்சுக் குரலைத் தலைக்கு மேல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஸ்பீக்கரில் வரும் சத்தம் போதாது. இதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. "ஏன் இன்னும் புது சிம்முக்கு வரவில்லை", "இதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதா" என்று இலவசமாக வாங்கியவர்கள் அதட்டுவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தானே வளர்த்தார்கள்?

இன்னொன்று அதைவிட மோசம். பல வருடத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கடையில் 'ஐந்நூறு விமானங்கள்' என்று ஒரு டிவிடி வாங்கினேன். உள்ளே பாதிக்குப் பாதி ஃப்ரீவேர், அதாவது ஆர்வலர்கள் இலவசமாகக் கொடுத்தவை. ஒன்றில்கூட செய்தவர்களின் பெயரைச் சொல்லும் ரீட்மீ குறிப்புக் கோப்பு இல்லை, அழித்துவிட்டார்கள். யார் மாதிரி செய்தார், யார் சத்தம் பதிவு செய்தார், யார் வண்ணம் தீட்டினார் எதுவும் தெரியாது. ஃப்ரீவேர் செய்தவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்த ரீட்மீயில் இருக்கும் பெயர்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு விலைக்கு விற்பதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

சரி, செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எஃப்எஸ்எக்ஸுக்காகத் தொகுத்த மாதிரியை மைக்ரோசாஃப்டின் 2020, 2024 சிம்களுக்கு அப்படியே நகர்த்த முடியாது. மூல முப்பரிமாணக் கோப்பு இருந்தால்தான் ஒழுங்காக மறுபடி ஏற்றுமதி செய்யலாம். அந்த மூலம் ஒரே ஒருவரின் கணினியில் இருந்து, அந்தக் கணினி போய்விட்டால், விமானமும் அந்தச் சிம்மோடு முடிந்தது. ஃப்ளைட்கியர் என்ற இலவச சிம்மில் பெரும்பாலான விமானங்கள், யாரும் எடுத்துத் திருத்த அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிகிறது. எல்லோரும் அப்படித் திறந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம்பிக்கையான இரண்டு பேரிடமாவது மூலத்தைக் கொடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

என் பங்குக்கு ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். சிம் கோப்புறையில் டெக்ஸ்சர் அடைவை, அதாவது விமானத்தின் மேல்பூச்சுப் படங்கள் இருக்கும் அடைவை நகலெடுத்து, கோப்ரா அணியின் நிறத்தில் ஒரு ரீபெயின்ட். எஃப்எஸ்எக்ஸில் படங்கள் தலைகீழாகச் சேமிக்கப்படுவதால், ஒவ்வொரு முறையும் கவிழ்த்துப் போட்டு, வரைந்து, திரும்பக் கவிழ்க்க வேண்டும். நம் வட்டச் சின்னத்தை வரைவது சுலபம், வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. உடலின் சாம்பல் நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கிடைக்கும் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. காவியும் பச்சையுமே ஒரே சாம்பலாகத் தெரிகிற படத்தில், மேல்பக்கச் சாம்பல் எவ்வளவு அடர்த்தி, வயிற்றுப் பக்கம் எங்கே வெளிறத் தொடங்குகிறது என்று எப்படிச் சொல்வது? வால் பகுதியில் இரண்டு முறை அடித்து அழித்துவிட்டேன்.

உங்கள் அப்பாவோ மாமாவோ தாத்தாவோ கடற்படையில் இருந்தவர் என்றால், எழுபதுகளிலோ எண்பதுகளிலோ எடுத்த கலர் படம் ஆல்பத்தில் எங்காவது ஒட்டியிருக்கும். பின்னணியில் ஓர் அலிஸேயின் வால் தெரிந்தால்கூடப் போதும். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், வெயில் வெளிச்சத்தில் வைத்து செல்போனில் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். ரீட்மீயில் முதல் வரியாக அவர் பெயரைப் போடுகிறேன்.