ஓவியக் கல்லூரி முடித்த பிள்ளையிடம் வான்கோ கதை சொல்லாதீர்கள்

ஓவியக் கல்லூரியில் படிப்பை முடிக்கிற பிள்ளைகளை "வான்கோ மாதிரி வரணும்பா" என்று வாழ்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வான்கோவுக்குப் பணமும் பெயின்ட் ட்யூபும் அனுப்பிக்கொண்டே இருக்க தியோ என்றொரு தம்பி இருந்தார். நம் ஊரில் அந்தத் தியோ பெரும்பாலும் ஒரு அக்கா. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து, "இந்த மாச வாடகைய நான் பாத்துக்குறேன், நீ அந்தப் பெரிய படத்த முடி" என்று சொல்கிற அக்கா. அப்படி ஒருத்தர் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னை ஓவியக் கல்லூரியில் பெயின்டிங் படித்தவன். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அங்கே இருக்கும்வரை நமக்கு என்னவெல்லாம் சும்மா கிடைக்கிறது என்றே தெரியாது. பெரிய கேன்வாஸைச் சாய்த்துவைக்க ஒரு சுவர். பத்தடி பின்னால் போய் நின்று பார்க்க இடம். "அந்தக் கை ஒட்டலடா" என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல, பக்கத்து ஈசலில் (படத்தை நிறுத்திவைத்து வரைகிற ஸ்டாண்டு) ஒருத்தன். நடந்து போகிற தூரத்தில் எழும்பூர் மியூசியம். அமராவதிச் சிற்பங்களின் முன்னால் நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் வாட்ச்மேன்கூட ஒன்றும் சொல்ல மாட்டார்.

படிப்பு முடிந்த மாதமே இதெல்லாம் போய்விடும். மாங்காட்டிலோ வியாசர்பாடியிலோ ஒற்றை ரூம். டர்பன்டைன் வாசனைக்கு ஹவுஸ் ஓனர் சண்டைக்கு வருவார், அதனால் ஆயில் பெயின்டை விட்டுத் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக்குக்கு மாறுவான். பின்னால் போய்ப் பார்க்க இடமில்லாததால் படத்தை மூக்குக்கு நேராகவே வைத்துப் போடுவான். குரூப் ஷோக்களில் புதுப் பிள்ளைகளின் படங்கள் இரண்டடி மூன்றடியிலேயே நிற்கின்றன என்றால் அதற்கு அழகியல் காரணம் எதுவும் தேட வேண்டாம். ஷேர் ஆட்டோவில் அதற்கு மேல் ஏறாது. பெரிதாகப் போட்டே தீருவேன் என்கிறவர்கள் சட்டத்திலிருந்து கேன்வாஸைப் பிரித்து, பெயின்ட் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உருட்டி, பிவிசி பைப்பில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். உள்பக்கமாக உருட்டினால் பெயின்ட் நெருக்குண்டு மடிப்பு விழும். ஷோ நடக்கிற இடத்தில் திரும்ப ஸ்டேப்ளர் அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். இதைச் செய்துவிட்டு, சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு, வருகிறவர்களிடம் "உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஃப்ரேம் செலவு, வண்டிச் செலவு எல்லாம் பெரும்பாலும் ஓவியர் கையிலிருந்து. படம் விற்றால் கேலரி 30 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். வாடகை, கரண்ட், கேட்லாக் என்று அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் விற்ற பிறகுதான் காசு. விற்கவில்லையென்றால் அதே பிவிசி பைப்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சோழமண்டலத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். 1966-ல் எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கம் கடலோர மணலில் ஓவியர்களுக்கென்றே ஒரு கிராமத்தை உண்டாக்கியது பெரிய காவியமாகச் சொல்லப்படுகிறது. காவியம்தான், மறுக்கவில்லை. நிலம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பாத்திக் விற்ற காசு அது. துணியில் மெழுகு பூசி, சாயத்தில் தோய்த்து, மெழுகை எடுத்து விற்றார்கள். அதற்கென்றே கைவினைச் சங்கம் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கைத்தொழில், மீதி நேரத்தில் ஓவியம். 'இதெல்லாம் கலையா' என்று அன்றைக்கும் யாராவது உதட்டைச் சுழித்திருப்பார்கள். சுழித்தவர்கள் யாரும் அந்த மணலை வாங்கித் தரவில்லை. பணிக்கரே ஓவியப் பள்ளிக்கு வருவதற்கு முன் தந்தித் துறையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர்.

ஜோகன் சௌத்ரி இன்று இந்திய ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் 1968-லிருந்து 1972 வரை இதே மெட்ராஸில் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனராக இருந்தார். நம்முடைய ஓவியர் ஆதிமூலம் இலக்கியப் பத்திரிகைகளுக்கும் வார இதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் போட்ட கோட்டோவியங்களை எடுத்துவிட்டால், அந்தக் காலத் தமிழ்ப் பக்கங்கள் மொட்டையாகிவிடும். அந்த வேலைகள் அவர் கையைக் கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. கெடு வைத்துக் கேட்கிற வேலையில் கோடு துணிச்சலாகிறது.

சோறு போட்ட அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன என்பதுதான் இப்போதைய சிக்கல். கையால் எழுதும் பேனரை ஃப்ளெக்ஸ் தின்றது. அச்சுப் பத்திரிகைகள் சுருங்கின. மிஞ்சியிருந்த அட்டைப்பட வேலைக்கும் இப்போது "ஏஐ-ல போட்டுக்கிட்டோம் ப்ரோ, கொஞ்சம் டச்சப் மட்டும் பண்ணித் தர்றீங்களா" என்று ஃபோன் வருகிறது. டச்சப்புக்குக் காசு கேட்டால் அந்தப் பக்கம் அமைதி. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை என்று ஒன்று உண்டு. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக எடுக்கப்பட்டவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

ஆகவே என் ஜூனியர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆர்க்கிடெக்சர் படிப்புக்கான நேட்டா நுழைவுத் தேர்வு கோச்சிங்கில் டிராயிங் சொல்லித் தருகிறார்கள். கேம் கம்பெனிக்குப் பின்னணி வரைகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு எதிரே ஈசலைப் போட்டு, தாலி கட்டுவதை நேரடியாக வரைந்து, பந்தி முடிவதற்குள் படத்தை முடித்துக் கொடுக்கிறார்கள். இதைக் கேலி செய்து சீனியர்கள் சிலர் போடுகிற பதிவுகளைப் பார்த்தேன். நகர்ந்துகொண்டே இருக்கிற கூட்டத்தைச் சில மணி நேரத்தில் பிடிப்பதற்கு என்ன கை வேண்டும் என்று கேலி செய்கிறவர்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள். பாத்திக்குக்கு ஒரு நியாயம், பட்டுப்புடவைக்கு ஒரு நியாயமா?

அதற்காக எந்த வேலையும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. நாள் முழுக்க ஸ்க்ரீனில் வண்ணம் போட்டுவிட்டு வருகிறவனுக்கு ராத்திரி கேன்வாஸைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது, இதை நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன். கண்ணையே கூலிக்கு விடுகிற வேலையைவிட மளிகைக்கடைக் கல்லா மேல் என்று ஒரு நண்பன் சொல்வான். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. நான் பாதி நாள் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட்டுத்தான் மீதி நாளைச் சம்பாதிக்கிறேன். ஆனால் அவன் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

பெண்கள் விஷயம் தனி. எங்கள் வகுப்பில் லைஃப் ஸ்டடியில், அதாவது ஆளை எதிரே வைத்து வரைவதில், எங்களையெல்லாம் ஓரங்கட்டியவர்கள் பெண்கள்தான். இன்று அவர்களில் யார் வரைகிறார்கள் என்று எண்ணினால் சங்கடமாக இருக்கிறது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் 'வரையுமாம்' என்பது 'பாடுமாம்' மாதிரி ஒரு கூடுதல் தகுதி. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சுவரைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் அந்தத் தகுதியின் எடை. இதில் பையன்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. முப்பது வயதில் வேலையில்லாமல் தாடி வளர்த்தால் அவன் கலைஞன்.

அந்தத் தாடிக் கதையும் நமக்கு வேண்டாம். சோழமண்டலத்தில் வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜம் 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். மை பேனாவால் விசித்திர மாளிகைகளைக் கட்டி, தொப்பி போட்ட தன்னையே அதற்குள் உலவவிட்டவர். அவர் பெயரை எடுத்தாலே நாம் அவருடைய துயரத்தைத்தான் பேசுகிறோம், கோட்டைப் பேசுவதில்லை. கஷ்டப்பட்டதால் அவர் நன்றாக வரைந்தார் என்று நம்புகிறவர்கள், கஷ்டம் இல்லாமல் இன்னும் முப்பது வருடம் அவர் வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இன்ஸ்பிரேஷன் கேள்விக்கு வருகிறேன். வடசென்னைக்கார ஜூனியர் ஒருத்தி இருக்கிறாள். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் குறைந்த கட்டணத்தில் ஸ்டுடியோ இடம் கிடைத்ததால் வரைவதை விடாமல் இருப்பவள். அவள் பிடித்துக்கொண்ட விஷயம் தார்ப்பாய். காசிமேட்டில் மீன் விற்கிற பெண்கள் தலைக்கு மேல் கட்டுகிற நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியாக இறங்கும்போது கீழே எல்லாமே நிறம் மாறுகிறது. கறுத்த கன்னத்தில் ஒரு பச்சை ஓடுகிறது, மஞ்சள் பூசிய முகம் சாம்பலாகிறது, வஞ்சிரத்தின் வெள்ளை வயிறுகூட நீலம் வாங்கிக்கொள்கிறது. கிழிசல் இருக்கிற இடத்தில் ஒரு துண்டு வெயில் நேராக விழுந்து, ஒரு கை மட்டும் அசல் பழுப்பில் பளிச்சென்று தெரிகிறது. அந்த ஒரு பழுப்பைப் பிடிக்க பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு பெயின்டில் எதைக் கலப்பது என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். ஃபோட்டோ எடுத்துப் பார்த்து வரையலாமே என்றேன். "ஃபோன் அந்த நீலத்த சரி பண்ணிடுதுண்ணா" என்றாள். உண்மைதான், கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துவிடுகிறது. அதனால் விடிகாலையிலேயே போய், மீன்கூடை பக்கத்தில் உட்கார்ந்து வாட்டர்கலரில் குறித்துக்கொண்டு வருவாள். அவளிடம் வான்கோ பற்றிக் கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லுவாள்.

அந்தத் தொடரில் ஒன்று விற்றது. வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியை, நான்கு தவணையில்.

உங்களிடம் கேட்பதும் இதைத்தான். இன்ஸ்டாகிராமில் தீ எமோஜி போடுகிற படத்துக்கு ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்கள். சின்ன டிராயிங்குகள் நீங்கள் நினைக்கிற அளவுக்கு விலை இருக்காது, தவணைக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பேரம் பேசத்தான் செய்வீர்கள், தெரியும், பேசுங்கள். ஃப்ரேம் செலவை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.