கஞ்சி குடுத்த பிள்ளை துரோகியோ?

கம்பஸ் பிள்ளை ஒண்டு கஞ்சி குடுக்கிற உந்த வீடியோவுக்குக் கீழ கிடக்கிற கொமன்ட் எல்லாத்தையும் இரவு வாசிச்சன், வயிறு எரியுது. அந்தக் கம்பஸ் பிள்ளை என்ன செய்தவள்? மே 18 அண்டைக்குத் தன்ரை பட்ச் சிங்களப் பிள்ளையளுக்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி, 2009 சண்டையின்ரை கடைசி நாளுகளில அங்க சனம் குடிச்ச கஞ்சி, காய்ச்சிக் குடுத்தவள். அதுக்குத் துரோகியாம், என்ஜிஓ காசாம்.

அவள் ஒண்டையும் மறைக்கேல்லை, அதைத்தான் திரும்பவும் சொல்லுறன், ஒண்டையும் மறைக்கேல்லை. இதுக்கு ஏன் பால் விடேல்லை எண்டு மாத்தறைப் பெட்டை ஒண்டு கேக்க, விடுறதுக்கு அண்டைக்குப் பால் இருக்கேல்லை, அரிசியும் உப்பும் தண்ணியும்தான், அதுக்கு லைனில நிண்ட சனத்துக்கு மேலயும் செல் விழுந்தது எண்டு சிங்களத்திலயே சொன்னவள். அந்தப் பெட்டை சிரட்டையைக் கையில வச்சுக்கொண்டு குடிக்க ஏலாமல் இருந்ததைப் பாத்தனீங்கள்தானே? 2024 மேயில திருகோணமலைச் சம்பூரில இதே கஞ்சிக்காகப் பெண்களை இரவில பிடிச்சுக்கொண்டு போன நாடு இது. நீங்கள் எத்தினை சிங்களச் சனத்துக்கு உதைச் சொல்லியிருக்கிறீங்கள்?

"காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களுக்கே பதில் இல்லை, அதுக்குள்ள என்ன நல்லிணக்கம்?" எண்டு கேக்கிறவையோட எனக்குக் கோவம் இல்லை. என்ரை மாமி 2017இல கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ரை சொந்தங்கள் போராட்டப் பந்தல் போட்ட நாளில இருந்து மகன்ரை படத்தோட போறவ. ஆனா இந்தப் பிள்ளை போன வருசம் தன்ரை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த மாமியிட்டைத்தான். மாமி பிளேன்ரீ ஊத்திக் குடுத்து, மகன்ரை அடையாள அட்டைக் கொப்பியைக் காட்டி, உங்கட வீட்டில ஆராவது ஆமியில இருந்தவையோ எண்டு ஒவ்வொருத்தரா விசாரிச்சவ. ஒரு பெடியன் மட்டும் தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம், அப்பா எண்டவன். அவனுக்கு மாமி இப்பவும் கோல் எடுக்கிறா, அப்பாட்டைக் கேட்டனியோ மகன் எண்டு. அவளும் பக்கத்தில இருந்து மாமிக்கு மொழிபெயர்க்கிறாள்.

போட்டோவுக்கு வந்தவை எண்டுறவைக்குப் பதில் எழுத எனக்கு மனம் இல்லை.

உங்களுக்கு உண்மையாச் சுட்டது கஞ்சியும் இல்லை. அவள் அதே ஆக்களை யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தின்ரை சோனகத் தெருவுக்கும் கூட்டிக்கொண்டு போய், 1990 ஒக்டோபரில ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொல்லி யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தைத் துரத்தினது எங்கட பக்கம், புலிகள்தான் எண்டதையும் சொன்னவள். அதுதானே? சிங்களவன் எங்கட கதையைக் கேக்க வேணும், நாங்கள் மட்டும் ஒருத்தரின்ரை கதையையும் கேக்க மாட்டம் எண்டால் அது என்ன நியாயம்? 2016இல யாழ் கம்பஸில தமிழ், சிங்களப் பெடியளுக்கிடையில கண்டிய நடனத்தில தொடங்கின பிரச்சினை கல்லெறியில போய் முடிஞ்சதை மறந்திட்டீங்களோ? அதுதான் திரும்ப வேணுமோ?

அவளோட வாதாட ஆயிரம் இருக்கு, வாதாடுங்கோ. ஆனா அவளின்ரை ஹொஸ்டல் அட்ரஸைக் கொமன்ட்டில போட்ட அண்ணை, அதை இப்பவே அழியுங்கோ. உங்கட வீட்டிலயும் ஒரு பொம்பிளைப் பிள்ளை கம்பஸ் போகுது.