வளைகாப்புக்கு வராதவள் கொடைக்கானலில் நடந்தால் என்ன தப்பு?

அண்ணன் வீட்டு வளைகாப்புக்கு மூட்டு வலியால் என்னால் போக முடியவில்லை; அந்த விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும், மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. நேற்று கொடைக்கானலில், கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நான் நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணி எழுதியது: "விசேஷத்துக்கு வர முடியல, மலை ஏற மட்டும் முடியுதாக்கும்." கீழே நாலைந்து பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என் சொந்த அண்ணன் போட்டது.

நான் மலை ஏறவில்லை. வத்தலக்குண்டு வழியாக அத்தனை வளைவையும் ஏறியது பஸ். நான் நடந்தது, லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் சரிவின் ஓரமாக அமைத்த நடைபாதையில். மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான். தளம் போட்டு, ஓரத்தில் கம்பி வைத்த பாதை. அதில் நாலு எட்டு வைப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாகத்தான் போனேன்.

எனக்கு இருப்பது முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கிற நோய். அது இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. ஒரு வாரம் பரவாயில்லாமல் இருக்கும், அடுத்த வாரம் மணிக்கட்டு வீங்கிச் சூடாகிக் கிடக்கும். வளைகாப்பு வந்தது அப்படிப்பட்ட வாரத்தில், அதுவும் இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து போட்ட மறுநாள், குமட்டலோடு. விடிவதற்கு முன் கிளம்பி, பட்டுப்புடவை கட்டி, மண்டபத்துப் படியேறி, வருகிறவர்களை எல்லாம் நின்று கவனித்து, பந்தி முடிகிற வரை சிரித்த முகமாக இருக்க வேண்டும். அங்கே நடுவில் படுக்க முடியாது. நடைபாதையில் முடியாவிட்டால் உட்கார்ந்துவிடலாம். ஒரு நாள் நடக்க முடிந்தது என்பதால் இன்னொரு நாளின் வலி பொய்யாகிவிடாது. இதை எத்தனை தடவை சொல்வது?

அத்தை இல்லாமல் வளைகாப்பா என்று அண்ணிக்கு வருத்தம், அது நியாயம்தான். வளையலும் புடவையும் முன்னாலேயே கொடுத்தனுப்பினேனே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

குளிரில் மூட்டு பிடித்துக்கொள்ளுமே, ஜனவரியில் ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே புல்வெளியில் உறைபனி படிகிற மாதம்தான், தெரியும். அதனால்தான் வெயில் ஏறி, பதினோரு மணிக்கு மேல் நடக்கக் கிளம்பினேன். கையுறை போட்டிருந்தேன். கயிறு கட்ட விரல் வராது, அதனால் ஒட்டுகிற ஷூ. இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம், அங்கே கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினேன். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. கடலை விற்கிற அக்காவிடம் நீட்டினேன். திறந்து கொடுத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல் அடுத்த பொட்டலத்தை மடித்தார்.

நடக்கச் சொன்னதே டாக்டர். மூட்டழற்சி உள்ளவர்களுக்கு உடலியக்கம் சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஐரோப்பிய வாத நோய் மருத்துவ அமைப்பு 2018-இல் பரிந்துரையே வெளியிட்டிருக்கிறது. படுத்தே கிடந்தால்தான் நோயாளி என்று நம்புவீர்களா?

அப்புறம், தனியாக ஏன் போனாய் என்ற கேள்வி. கூட யாராவது வந்தால் அவர்கள் வேகத்துக்கு நடக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் நின்று நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு வலியைவிடக் கஷ்டம். தனியாக இருந்ததால், மேகம் விலகிக் கீழே சமவெளி தெரிகிற வரை ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றேன். யாருக்கும் பதில் சொல்லாமல் அப்படி நின்று எவ்வளவு காலம் ஆயிற்று.

அம்மாவுக்கும் கடைசி வருடங்களில் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள். அந்தக் கையோடுதான் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் முறுக்கு பிழிந்தாள். அவளை எல்லாரும் நல்லவள் என்றார்கள். தனக்காக ஒரு நாளும் எங்கேயும் அவள் நடக்கப் போனதில்லை. என்னிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்களா? இட்லித் தட்டைக்கூடத் தூக்க முடியாமல் நான் கிடந்த நாட்களில் இந்தக் குழுவில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கை எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா? அண்ணா, நீ கேட்டாயா?

வெயில் காலம் வருவதற்குள் ஏரிப் பக்கம் போகிறேன். முழுச் சுற்று சுமார் ஐந்து கிலோமீட்டர், அது என்னால் ஆகாது. முடிந்தவரை நடந்துவிட்டுத் திரும்புவேன். அதையும் படம் எடுத்துக் குழுவிலேயே போடுவேன்.