எண் இருக்கிறது, ஏடு எங்கே?

மடக்குக் கத்தி சேர்க்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு வாரமாக மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம் இது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு லிமிடெட் எடிஷன் கத்தி வாங்கினேன். அலகில் லேசரில் பொறித்த எண் 0417/1000, அதாவது ஆயிரத்தில் 417-ஆவது. அந்த எண்ணுக்காகவே சாதாரண மாடலைவிட ஒன்றரை மடங்கு விலை கொடுத்தேன். போன மாதம் வெளிநாட்டில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்: அதே மாடல், அதே 0417. தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். எண்வாரியாகப் பதிவு எதுவும் வைப்பதில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இரண்டில் எது போலி, அல்லது இரண்டுமே அசலா? இனி யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் போலி செய்தவன்மேல்கூட அவ்வளவு இல்லை. ஏடு வைக்காமல் எண் போட்டவர்கள்மேல்தான். அமெரிக்காவில் துப்பாக்கிக்கு வரிசை எண் 1968-ஆம் வருஷச் சட்டப்படி கட்டாயம். செய்தவரும் விற்றவரும் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அதனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. கத்திக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆயிரம் என்று போட்டுவிட்டு ஆயிரத்து இருநூறு செய்தாலும் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இதே துறையில் எண்ணே போடாமல் நேர்மையாக அடையாளம் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் (Case) கத்திக் கம்பெனியின் வழக்கமான கத்திகளில் தனி வரிசை எண் கிடையாது. அலகு பிடிக்குள் நுழைகிற கழுத்துப் பகுதியில் முத்திரை மட்டும் இருக்கும். 1970-இல் அந்த முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி அடித்தார்கள். அடுத்த வருஷம் ஒன்பது, அதற்கடுத்து எட்டு. 1979-க்கு ஒரே ஒரு புள்ளி. 1980-இல் மறுபடி பத்துப் புள்ளி. ஆனால் பெயரில் உள்ள எஸ் எழுத்தை மின்னல் மாதிரி மடித்துவிட்டார்கள், பழையதோடு குழம்பாமல் இருக்க.

என்னிடம் கேஸ் கம்பெனியின் 6254 என்கிற மாடல் ஒன்று இருக்கிறது. 6 என்றால் கொத்துவேலை செய்த எலும்புப் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்பது டிராப்பர் (Trapper) என்கிற கத்தி வடிவம். அது கைக்கு வந்த அன்று ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புள்ளிகளில் பழைய எண்ணெயும் அழுக்கும் அடைத்திருந்தன. பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தபோது ஐந்து ஆறாகி, ஆறு ஏழானது. எஸ் வளைவாக இருந்தது, மின்னல் இல்லை. அப்படியென்றால் 1973. யாரிடமும் கேட்காமல், கடிதம் எழுதாமல், அந்தக் கத்தியே தன் வயதைச் சொன்னது.

இதிலும் ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். பத்துப் புள்ளியையும் தேய்த்து எடுத்துவிட்டால் 1965–69 காலத்துக் கத்தி என்று விற்கலாம், அப்போது புள்ளி கிடையாது. ஆனால் தேய்த்த இடம் லேசாகப் பள்ளம் விழும், சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். முறை ஊருக்கே தெரிந்ததாக இருப்பதால்தான் திருட்டும் கண்ணில் படுகிறது.

சுவிஸ் ராணுவத்தின் 1961 மாடல் கத்தியும் இப்படித்தான். அலகின் அடியில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். 65 என்றால் 1965, அவ்வளவுதான். செபென்சா கத்தி செய்கிற கிறிஸ் ரீவ் கம்பெனி, கத்தி பிறந்த தேதியை ஓர் அட்டையில் எழுதியே கொடுக்கிறது. (புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு ஒன்று: பிரான்ஸின் ஓபினெல் கத்தியில் இருக்கிற 8 என்பது வரிசை எண் இல்லை, அளவு. அதை "எட்டாவது கத்தி" என்று சொல்லி ஒருவர் விற்கப் பார்த்ததை நானே பார்த்தேன்.)

001-க்கும் 007-க்கும் மூன்று மடங்கு விலை கொடுக்கிற நண்பர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். எண் பொறிப்பது பெரும்பாலும் அலகில். பிடி, ஸ்பிரிங், லாக் எல்லாம் பிறகுதான் சேர்கின்றன. அந்த அலகுதான் முதலில் கோக்கப்பட்டது என்பதற்கு எண் சாட்சி இல்லை. பழுதானால் மாற்றுகிற பாகமும் அதே அலகுதான். மாற்றிய அன்றே எண் போய்விடும்.

எண் போட்டு விற்கிற ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எந்த எண், எந்தத் தேதி, எந்தப் பிடி, எந்தக் கடைக்குப் போனது என்று ஒரு ஏடு. வாங்கியவர் கேட்டால் அந்த ஒரு வரியைப் படித்துச் சொல்ல ஓர் ஆள். அது முடியாதென்றால் எண்ணுக்குக் காசு வாங்காதீர்கள்.

என்னுடைய 0417-ஐ விற்றுவிடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். விற்கவில்லை. அதன் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "இதே எண்ணில் இன்னொரு கத்தி இருக்கிறது." எனக்குப் பிறகு யார் கைக்குப் போனாலும் இந்தச் சீட்டும் சேர்ந்தே போகும்.