சூரை கிரந்தி, பப்பாசி சூடு, தயிர் குளிர்: அப்ப எதைத்தான் சாப்பிடுறது?

வீட்டில் யாராவது தும்மினால் போதும், எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். "நேற்று வாழைப்பழம் சாப்பிட்டவளோ?" "இரவிலை தயிர் விட்டனீங்களோ?" "இளநீர் குடிச்சிருப்பாள், அதுதான்." பொலிசில்கூட இவ்வளவு குறுக்கு விசாரணை நடக்காது. தடிமன் வைரசால் வருகிறது. தும்முகிறவருக்குப் பக்கத்தில் பஸ்ஸில் இருந்து வந்தால் வரும், மூக்கைத் துடைத்த கையோடு அவர் தொட்டதை நாமும் தொட்டால் வரும். தம்பலகாமத்து எருமைத் தயிருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதே வாங்கில் மூக்கு ஒழுக ஒழுக இருந்த பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். குற்றவாளி எப்போதும் தயிர்ச்சட்டிதான்.

தடிமனோடு நின்றால் பேசாமல் இருந்திருப்பேன். எனக்குக் கடுப்பு முற்றியது தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்த பிறகு. பிள்ளை பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்ததைவிட அடுப்படியைப் பார்த்ததுதான் அதிகம். மிளகு, சீரகம், உள்ளி, திப்பிலி எல்லாம் அரைத்து வைக்கும் சரக்குக்கறியில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. நல்ல ருசி, நானும் சேர்ந்துதான் சாப்பிட்டேன். சண்டை தண்ணீரில். "கனக்கத் தண்ணி குடுக்காதை பிள்ளை, வயிறு வைக்கும்." கீரை கூடாது, குளிர். பழம் கூடாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். திருகோணமலை வெயிலில், பால் கொடுக்கிற ஒருத்திக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்கிறார்கள். தண்ணீரும் இல்லை, கீரையும் இல்லை, பழமும் இல்லை என்றால் மலம் இறுகும். தையல் போட்ட உடம்போடு அந்த அவஸ்தையை அனுபவிப்பது சொல்லிவிட்டுப் போன மாமி இல்லை.

பால் ஊறுவதற்குச் சுறாப்பிட்டு என்றார்கள். கொண்டுவந்தார்கள், சாப்பிட்டாள், சரி. பால் சுரக்க வைப்பது பிள்ளை உறிஞ்சுவதுதான். உறிஞ்ச உறிஞ்சத்தான் புரோலாக்டின் என்ற ஹோர்மோன் சுரக்கும். சுறாவைத் தேடி ஊரெல்லாம் அலைந்த அதே ஆட்கள் மறுபக்கம் "பால் காணாது போலை, மாப்பால் கரைச்சுக் குடுங்கோ" என்று பிள்ளையை மார்பிலிருந்து விலக்கப் பார்க்கிறார்கள். பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேரும், பாலூட்டுகிறவர்கள் தவிர்ப்பது நல்லது என்பது இன்னொரு கதை. அதைச் சொன்னால் என்னை அடித்தே விடுவார்கள்.

இனி மீன். கடலுக்குள் வீட்டைக் கட்டி வைத்திருக்கிற மாதிரியான ஊர் இது. திருக்கடலூரில் வள்ளம் கரைக்கு வந்தால் கறி கொதிக்கும் முன் செய்தி வந்துவிடும். இந்த ஊரில் இருந்துகொண்டு, சத்திரசிகிச்சை செய்த ஒருவருக்கு மீன் கொடுக்கக்கூடாதாம். சூரை கிரந்தி (உடம்பில் அரிப்பையும் புண்ணையும் கிளப்புமாம்), கணவாய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கேட்கவே வேண்டாம். புண் சீழ் பிடிக்குமாம். புண் ஆறப் புரதம் வேண்டும், மீனில் இருப்பதே அதுதான். புண்ணில் சீழ் வைப்பது கிருமி. அழுக்குத் துணியும் கழுவாத கையும்தான் அதைக் கொண்டு வருகின்றன, கறிச்சட்டி இல்லை.

ஆனால் இந்தக் கிரந்திப் பேச்சை முழுப் பொய் என்று தூக்கி எறியவும் முடியவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். சூரை சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சூரை, கும்பளா மாதிரிச் சிவந்த தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற ஒன்று அதிகம். மீனைக் குளிரில் வைக்காமல் வெயிலில் விட்டால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையில் உடம்பே சுரக்கிற அதே சாமான்தான் அது. இங்கே மீனோடு சேர்ந்து நேராக வயிற்றுக்குள் போகிறது. அதனால்தான் அந்தச் சிவப்பும் அரிப்பும். வெள்ளைத் தசையுள்ள ஒட்டியையும் ஓராவையும் பத்தியத்துக்கு ஆகும் என்று ஒதுக்கி, சூரையைக் கிரந்தி என்று பிரித்த கிழவிக்குக் கண் இருந்திருக்கிறது. அவரை நான் கும்பிடுகிறேன்.

கும்பிட்டுவிட்டுக் கேட்கிறேன்: மீன்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டி, ஐஸ் என்று பேருக்கு ஒரு கட்டியைப் போட்டு, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தெருத்தெருவாகச் சுற்றுகிறாரே, அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? கேட்டால் விலை குறைப்பார் என்றால் மட்டும் கேட்பார்கள். பின்னேரம் மலிவாகக் கிடைத்த சூரையை வாங்கி, "நல்லா அவிச்சா ஒண்டும் செய்யாது" என்று சொல்கிறவரும் கிரந்தி என்று எச்சரிக்கிறவரும் ஒரே ஆள். எவ்வளவு அவித்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மணத்தை வைத்தும் பிடிக்க முடியாமல் போகலாம். பிடித்த நேரம் முதல் நன்றாக ஐஸில் இருந்த சூரையில் இந்த ஹிஸ்டமின் வில்லங்கம் வராது. வெயிலில் கிடந்த சூரை புண் உள்ளவனையும் அரிக்க வைக்கும், புண் இல்லாதவனையும் அரிக்க வைக்கும். காவல் ஒரு வாசலில் நிற்கிறது, கள்ளன் மற்ற வாசலால் வருகிறான்.

இறால், நண்டு கதை வேறு. சிலருக்கு அவற்றின் புரதமே ஒவ்வாது, எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒவ்வாது. அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது. மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாததை ஊருக்கே சட்டமாக்குவதுதான் பிரச்சினை. அப்புறம் அந்த மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெள்ளை விழும் என்கிற கதை. வெண்புள்ளி, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களை அழிப்பதால் வருகிறது. மீனும் தயிரும் பாவம். இந்தக் கதையால் கெட்டது அந்த வெள்ளை விழுந்த பிள்ளைகளின் பெயர்தான். கலியாணம் பேசப் போனால் "சின்னனிலை என்னத்தைச் சாப்பிடக் குடுத்தனீங்கள்?" என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

பப்பாசிக்கு வருவோம். கர்ப்பிணிக்கு எமன், டெங்குக்காரருக்குத் தெய்வம், ரெண்டும் ஒரே மரம். காயின் பாலில் கருப்பைத் தசையைச் சுருங்க வைக்கும் தன்மை இருக்கிறது, எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் காயை விடுங்கள், நியாயம். அதே ஆய்வில் நன்றாகப் பழுத்த பழத்தின் சாறு எலிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் காய், பழம், விதை எல்லாவற்றுக்கும் ஒரே தடை. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து, உடம்பு அதை உறிஞ்ச உயிர்ச்சத்து சி உள்ள பழம் சாப்பிடச் சொல்லிவிட்டு மிட்வைவ் போவார். அவர் படலையைத் தாண்ட முன்னமே பக்கத்து வீட்டு அக்கா வந்து பழத்தட்டைத் தூக்கிவிடுவார்.

டெங்கு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு, 400க்கு மேல் சாவு. அந்த வருடம் மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் இருக்கிற எவரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகும், காய்ச்சல் என்றவுடன் எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை எடுக்க ஓடாமல் பப்பாசி இலை தேடி ஓடுகிறார்கள். இலைச்சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் கொஞ்சம் வேகமாக ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆளைக் காப்பாற்றும் என்று ஒன்றும் நிறுவவில்லை. டெங்குவில் பெரும்பாலும் உயிரை எடுப்பது இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து இரத்த அழுத்தம் விழுவது. அது நடப்பது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். அந்த நேரத்தில்தான் இங்கே "பாத்தீங்களோ, சாறு வேலை செய்யுது, காய்ச்சல் விட்டிட்டுது" என்று கொண்டாடிக்கொண்டு ஆளை வீட்டில் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று. டெங்குவில் உண்மையிலேயே ஒரு உணவுத் தடை இருக்கிறது, வைத்தியர்களே சொல்வது: சிவப்பும் கபிலமுமான பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும். நோயாளி பார்க்க வருகிறவர்கள் என்ன கொண்டு வருகிறார்கள் தெரியுமா? மாதுளம்பழச் சாறு. பீட்ரூட் சாறு. ஏனாம், இரத்தம் ஊறுமாம்! ஆயிரம் பொய்த் தடையை மனப்பாடம் செய்த ஊருக்கு ஒரேயொரு உண்மைத் தடை தெரியவில்லை. சாறு கொண்டுவந்த அண்ணரின் வீட்டுக் கொல்லையில் பழைய டயருக்குள் நுளம்பு முட்டை போடுகிறது, அது தனிக்கதை.

செங்கமாரி என்றால் கீழாநெல்லி, எண்ணெய் கூடாது, மீன் கூடாது. அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருகிற மஞ்சட்காமாலை பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறும், பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். போகட்டும். ஆனால் வயலில் சேற்றுக்குள் நின்று வேலை செய்தவர் காய்ச்சலோடு கண் மஞ்சளாகி வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அன்டிபயோட்டிக் வேண்டும், பிந்தினால் சிறுநீரகம் போகும். வயலுக்கு இறங்க முன்னமே எம்.ஓ.எச். என்ற சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் தடுப்புக் குளிசை கேட்டு வாங்கலாம். அவருக்கும் சேர்த்துக் கீழாநெல்லி அரைக்கிறவர்களை என்ன செய்வது?

வயிற்றோட்டத்துக்கு உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி கொடுத்த அம்மம்மாக்கள் கெட்டிக்காரர்கள், அதில் மறுபேச்சு இல்லை. 1971இல் வங்காள அகதிகள் வாந்திபேதியால் செத்துக்கொண்டிருந்தபோது திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரால்தான் ஆயிரக்கணக்கானோரை மீட்டார். இங்கே பாமசியில் ஜீவனி என்று பைக்கற்றில் கிடைப்பது அந்த வம்சம்தான். அம்மம்மாவின் கஞ்சி மறந்துபோய், "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்பது மட்டும் எப்படி மிஞ்சியது என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

கடைசியாக மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளி சாப்பிட்டுவிட்டு இஞ்சித் தேநீர் குடித்தால் சாவு என்று வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, எங்கள் குடும்பக் குழுவில் திரும்பத் திரும்ப வருகிறது. நஞ்சு இருப்பது கிழங்கில். அதை வெட்டி நசுக்கும்போது சயனைட் வெளிவரும். ஐதரசன் சயனைட் 26 பாகையிலேயே ஆவியாகிற சாமான். அதனால்தான் தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீர் விட்டு, சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடச் சொல்வது. மூடாமல் அவிக்கச் சொன்ன பழைய ஆட்கள் சரியாகத்தான் சொன்னார்கள். இப்போது கேஸ் மிச்சம் பிடிக்க மூடி போட்டு அவிக்கிறார்கள், அரைகுறையாக இறக்குகிறார்கள், பிறகு இஞ்சியை மட்டும் ஒளித்து வைக்கிறார்கள். அரைவேக்காட்டுக் கிழங்கு இஞ்சி இல்லாமலும் ஆளைக் கவிழ்க்கும்.

இதையெல்லாம் சொன்னால் ஒரே பதில்தான் வரும்: "சொல்லுறதைச் சொல்லிப் போட்டம், பிறகு உங்கட பாடு." ஏன் என்று கேட்டால் மரியாதை இல்லாத பிள்ளை. கவனித்துப் பாருங்கள், தடை எல்லாம் நோயாளியின், பிள்ளைத்தாய்ச்சியின், சின்னப் பிள்ளைகளின் கோப்பையில்தான். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஆம்பிளைகளின் கோப்பையில் கைவைக்க ஒருவருக்கும் துணிவில்லை. எங்கள் பெரியப்பா காலையில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறார், கைப்பு இனிப்பை வெட்டுமாம். அந்தத் துணிவில் கிளினிக் குளிசையைப் பாதியில் விட்டுவிட்டார். பிளேன்டீக்குச் சீனி போடுவதில்லை, பனங்கட்டி கடித்துத்தான் குடிக்கிறார். பனங்கட்டியில் பெரும்பங்கு சீனிதான் பெரியப்பா, இரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்றால், "நீ படிச்சனி, உனக்குத் தெரியாததே" என்று சிரிக்கிறார். நான் யாழ்ப்பாணம் போகப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவரே போன் எடுத்தார்.

"பிள்ளை, வரேக்கை நல்ல பனங்கட்டிக் குட்டானாப் பாத்து வாங்கிக்கொண்டு வா. சீனிக்கு அதுதான் நல்லது."