அரைப் புள்ளி சும்மா வந்ததில்லை

போன சனி அக்காவின்ர மகளைப் புதுக்குடியிருப்பில இருந்து மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு கிளிநொச்சிக்கு ஒரு செஸ் போட்டிக்குப் போனன். நாலாவது சுற்று முடிஞ்சு வெளியில வர, வேப்பமரத்தடியில நிண்ட தெரிஞ்ச அண்ணை ஒராள் கேட்டார்: "என்ன பிள்ளை, வெண்டாச்சோ?"

"ட்ரோ மாமா."

"அட, சும்மா போச்சே."

ட்ரோ எண்டா வெற்றி தோல்வியில்லாமச் சமனா முடியிறது, ஆளுக்கு அரைப் புள்ளி. அந்தச் 'சும்மா' எனக்கு இன்னும் ஆறேல்ல.

யன்னல் கம்பிக்குள்ளால நான் முழுக்கப் பாத்தனான். கடைசியில இவளிட்ட ராஜா மட்டும்தான் மிச்சம். எதிர்ப்பக்கப் பெடியனிட்ட ராஜா, ஒரு பிசப், கரையோரச் சிப்பாய் ஒண்டு. பாக்கிற எவரும் முடிஞ்சுதெண்டுதான் சொல்லுவினம். ஆனா அந்தச் சிப்பாய் ராணியாகிற மூலைக் கட்டம் கறுப்பு, மூலைவாட்டா ஓடுற அவன்ர பிசப்போ வெள்ளைக் கட்டத்தில மட்டும்தான் போகும். ராஜா அந்த மூலையில போய்க் குந்தினா ஆராலயும் கிளப்பேலாது. செக் இல்லாம, நகர இடமும் இல்லாமப் பூட்டினா அது 'ஸ்டேல்மேட்', அதுவும் ட்ரோதான். அவன் சுத்திச் சுத்திப் பாத்தான். ஒரே நிலை மூண்டாந்தரம் வந்தா ட்ரோ கேக்கலாம். அது வரப்போகுதெண்டு கண்ட உடன இவள் காயைத் தொடேல்ல. நகர்த்தலைத் தாளில எழுதிப்போட்டு, மணிக்கூட்டை நிப்பாட்டி, நடுவருக்குக் கை உயர்த்தினாள். பதினொரு வயசு! நான் அந்த வயசில கிளித்தட்டில கூட ஒழுங்கா நிண்டதில்லை.

2018இல கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்கு ஆடின 12 நீண்டநேர ஆட்டமும் ட்ரோ. 2024இல அதே பட்டத்துக்குக் குகேஷ் டிங் லிரெனை வெண்டபோதும் 14இல 9 ட்ரோ. கடைசி ஆட்டமும் அப்பிடித்தான் போய்க்கொண்டிருந்தது, 55ஆவது நகர்த்தல்ல டிங் பிழை விட்டார். அந்த ஒன்பதையும் சும்மா எண்டு சொல்லுவியளோ?

எல்லா ட்ரோவுக்கும் நான் வக்காலத்து வாங்கேல்ல. எட்டுப் பத்து நகர்த்தல்ல கை குடுத்திட்டு ஐஸ்பழம் குடிக்க ஓடுறதும் நடக்குது. "பலமான ஆள், ட்ரோ கேள்" எண்டு சொல்லி அனுப்புற பெற்றோரும் இருக்கினம். அதுக்குப் பிள்ளை தோத்திட்டே வரலாம், ஏதாவது படிக்கும்.

திரும்பி வரேக்க தர்மபுரம் தாண்டிப் பின்னால இருந்து கேட்டாள்: "மாமா, நான் ஏன் குதிரைக்குக் குதிரை வெட்டினனான் தெரியுமே?"

"ஏன்?"

"அவனிட்டக் குதிரை மிஞ்சியிருந்தா அந்த மூலையில என்னைக் கிளப்பியிருப்பான். பிசப்தான் மிஞ்சவேணுமெண்டு பாத்தனான்."

யன்னலடியில நிண்ட எனக்கு அது விளங்கவேயில்லை.