4 ஜிபி என்றால் எல்லாம் ஒரே 4 ஜிபி இல்லை

"ஜிடி 730-ம் 4 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1650-ம் 4 ஜிபி, அப்புறம் எதுக்குக் கூடுதல் காசு?" என்று சொல்வதை நம்பி யாரும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடாதீர்கள்.

இந்த ஜிபி என்பது டெக்ஸ்சர் (கேமில் பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) போன்றவற்றை கார்டு வைத்துக்கொள்ளும் மெமரி இடம், அவ்வளவுதான். கேம் ஓடும் வேகத்தை முடிவு செய்வது சிப்பும் மெமரியின் வேகமும். 4 ஜிபி ஜிடி 730 பெரும்பாலும் டிடிஆர்3 என்ற மெதுவான மெமரியோடுதான் வருகிறது. நொடிக்கு 30 ஜிபி டேட்டாகூட நகராது. ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி போட்ட 1650-இல் அது 128 ஜிபி. சிப்பில் கணக்குப் போடும் கோர்களும் 730-இல் அதிகபட்சம் 384, 1650-இல் 896. புது கேம் போட்டால் அந்த 4 ஜிபி நிரம்பும் முன்பே 730-இன் சிப் மூச்சு வாங்கிவிடும். பெட்டி மேல் அச்சடிக்கத்தான் அந்த எண்!

அதற்காக ஜிபியே முக்கியமில்லை என்றும் இல்லை. நல்ல சிப்பிலும் விராம் (கார்டின் அந்த மெமரி) நிரம்பினால் மிச்ச டேட்டா, கார்டு செருகிய பிசிஐ ஸ்லாட் வழியாக, கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து மெதுவாக வரவேண்டும்; கேம் திக்கித் திக்கி ஓடும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் காசு கொடுக்கும் முன் ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரம் காட்டும் மென்பொருளை ஓட்டி மெமரி டைப், பேண்ட்விட்த் (நொடிக்கு எத்தனை ஜிபி நகரும்) இரண்டையும் பாருங்கள். 1650 வெறும் 75 வாட்தான், ஆனால் சில மாடல்கள் தனியாக 6 பின் பவர் ஒயர் கேட்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) அந்த ஒயர் இருக்கிறதா?